பழைய எம்எக்ஸ்-5: திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரைப் பராமரிக்கவும் மேம்படுத்தவும் முழுமையான வழிகாட்டி

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மஸ்டா எம்எக்ஸ்-5 முதன்முதலாகக் காட்டப்பட்டது. மடியும் எழும் முகப்பு விளக்குகள் கொண்ட முதல் தலைமுறையை என்ஏ என்றும், 1998 முதல் 2005 வரை வந்த நிலையான விளக்குள்ள இரண்டாம் தலைமுறையை என்பி என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் அடிப்படையில் ஒரே கார்தான்: முன்னால் நீளவாக்கில் என்ஜின், பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடை. இந்த வழிகாட்டி என்ஏ காரை மையமாக வைத்து எழுதப்பட்டது. பெரும்பகுதி என்பிக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் குறிப்பிட்டிருக்கிறோம்.

இந்தக் கார்களை வாங்குபவர்களில் பலர் முதல் மாதமே எக்ஸாஸ்ட், ஸ்பிரிங், அகலமான சக்கரம் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். முப்பது வயதான காரில் முதலில் கிடைக்க வேண்டிய மேம்பாடு, அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குத் திரும்புவதே. இற்றுப்போன ரப்பர் புஷ்களும் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்) சிக்கிக்கொண்ட காலிப்பரும் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இருக்கும் காரில் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரைப் போட்டாலும் அதன் பலன் தெரியாது. ஆகவே வரிசை இப்படி: தண்ணீர், துரு, திரவங்கள், டைமிங் பெல்ட், பிரேக். இவை முடிந்த பிறகுதான் மேம்பாடு.

காரைத் தூக்கும் முறை

கூரை இல்லாத காரில் உடலின் விறைப்பு முழுவதும் தரையிலும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டங்களிலும்தான் இருக்கிறது. 'சில்' எனப்படும் அந்தச் சட்டத்தின் அடி விளிம்பில், இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே உள்ள வலுவூட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கி வைக்கலாம். தட்டையான ஜாக்கித் தலை அந்த விளிம்பை மடக்கிவிடும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையைப் பயன்படுத்துங்கள். முன்பக்கத்தை முழுவதுமாகத் தூக்க சப்ஃபிரேமின் (சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டகம்) குறுக்குச் சட்ட நடுப்பகுதி, பின்பக்கத்துக்கு டிஃபரன்ஷியலின் (பின்சக்கரங்களுக்கு இயக்கத்தைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) அடி. தூக்கியதும் ஸ்டாண்டுகளைச் சில் விளிம்பில் வைத்துவிட்டு, காரைத் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போங்கள்.

தரையின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு மெல்லிய ரெயில்களில் ஜாக்கி வைக்கவே கூடாது. பெரும்பாலான பழைய கார்களில் அவை ஏற்கெனவே நசுங்கித்தான் இருக்கும். காரைத் தூக்கிய நிலையில் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினாலோ, தாழ்ப்பாள் சரியாக விழாவிட்டாலோ, சில் பகுதியின் உட்புறம் துருவால் வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கூரையும் வடிகாலும்

இந்தக் காரை அழிப்பது என்ஜின் கோளாறு இல்லை, வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீர். கூரையின் பின் விளிம்பிலிருந்து வழியும் மழைநீர், துணிக்கு அடியில் ஓடும் ரப்பர்-பிளாஸ்டிக் மழைத்தடத்தில் விழுந்து, இரு பக்கமும் சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகளுக்குப் போகிறது. அங்கிருந்து குழாய் வழியே இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் காரின் அடியில் வெளியேறுகிறது. இலைத் துகளும் தூசியும் சேர்ந்து துளை அடைத்துக்கொண்டால், தண்ணீர் வழிந்து கம்பளத்துக்கும் சில் சட்டத்தின் உள்ளுக்கும் போகும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே உலோகம் கரைந்துகொண்டிருக்கும்.

சோதனை எளிது. கூரையைப் பாதி திறந்து, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் கையை விட்டுத் துளையைத் தொட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் பின்சக்கரத்துக்கு முன்னால் நீர் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. எதுவுமே வராவிட்டால் உடனே ஊற்றுவதை நிறுத்துங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரும் சில்லுக்குள்தான் போகிறது.

அடைப்பை எடுக்க, புல்வெட்டும் கருவியில் பயன்படும் தடித்த நைலான் இழை அல்லது நீளமான பிளாஸ்டிக் கேபிள் டை போதும். மேலிருந்து விட்டு மெல்லச் சுழற்றுங்கள். குழாயின் அடி முனையில் ஒருவழி ரப்பர் வால்வு உண்டு. சேறு பெரும்பாலும் அங்கேதான் தேங்கும். காரின் அடியிலிருந்து அதை விரலால் பிதுக்கிச் சுத்தம் செய்யலாம். அழுத்தக் காற்றை அடிக்காதீர்கள். குழாய் தன் இணைப்பிலிருந்து உள்ளே கழன்றுகொள்ளும். அதைத் திரும்ப மாட்டுவது அரை நாள் வேலை. கம்பியும் வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். இந்தச் சோதனையை ஆண்டுக்கு இரண்டு முறை செய்யுங்கள். மரத்தடியில் நிற்கும் காருக்கு மாதம் ஒருமுறை கூட அதிகமில்லை.

வடிகால் சரியாக இருந்தும் இருக்கைக்குப் பின்னால் ஈரம் சேர்ந்தால், மழைத்தடத்தின் மூலைகளில் விரிசல் இருக்கும். அதைப் பார்க்கக் கூரையின் பின்விளிம்பைப் பிடித்திருக்கும் மூன்று உலோகப் பட்டைகளின் 10 மி.மீ. நட்டுகளைக் கழற்ற வேண்டும். நட்டுகள் சிறியவை, அதிகம் இறுக்கினால் அவற்றின் ஸ்டட் முறிந்துவிடும். புதுக் கூரை போடும்போது மழைத்தடத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். அதை மிச்சம் பிடித்தால் ஒரே ஆண்டில் முழு வேலையையும் மறுபடி செய்ய நேரிடும்.

என்ஏ கூரையின் பின் கண்ணாடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். அப்படியே மடக்கினால் மடிப்புக் கோடு விழும். ஒருமுறை விழுந்த கோடு பிறகு விரிசலாகும். சுமார் 10 டிகிரிக்குக் கீழே குளிரில் பிளாஸ்டிக்கும் வினைலும் விறைத்திருக்கும், அப்போது மடக்காதீர்கள். ஈரமாக இருக்கும்போதும் மடக்கக் கூடாது, பூஞ்சை பிடித்துவிடும். பழைய கூரை கிழிந்து மாற்றும் நிலை வந்தால், என்பி பாணியில் உண்மையான கண்ணாடி வைத்த கூரையை வாங்குங்கள். என்ஏ சட்டகத்திலும் பொருந்தும். ஜிப் தொல்லையும் மங்கலும் தீரும்.

கதவு மற்றும் முன் கண்ணாடிச் சட்டத்தின் மீதுள்ள ரப்பர்களுக்கு சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலியம் சேர்ந்த கிரீஸ் ரப்பரை ஊத வைத்து, பிறகு உதிர வைக்கும். முன் மூலைகளில் ஒழுகினால் ரப்பரை மாற்றும் முன் கூரைத் தாழ்ப்பாளின் இறுக்கத்தைச் சரிசெய்து பாருங்கள். கொக்கியைச் சிறிது நெருக்கினாலே பாதி ஒழுகல் நின்றுவிடும். தாழ்ப்பாளை மூட இரண்டு கையும் தேவைப்படும் அளவுக்கு இறுக்கினால் முன் சட்டகம் வளையும்.

துருவைத் தேடும் இடங்கள்

பின்சக்கர வளைவுக்கு முன்னால் சில் முடியும் இடம்தான் முதல் சந்தேகம். அங்கே பெயின்ட் குமிழியிட்டிருந்தால் உள்ளிருந்து வந்த துரு என்று வைத்துக்கொள்ளலாம். மேலே தேய்த்துப் பெயின்ட் அடிப்பது பயன் தராது, வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். என்பி கார்களில் கூடுதலாக முன் சேஸி ரெயில்களைப் பாருங்கள். இரட்டைத் தகடுகளுக்கு நடுவே நீர் தங்கி, முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்துக்கு அருகே அரித்துவிடுகிறது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டினால் நல்ல உலோகம் கணீர் என்று ஒலிக்கும், இற்றது மந்தமாக ஒலிக்கும். துரு இல்லாத காரில் சில்லின் உட்புறத்தில், அதிலுள்ள ரப்பர் மூடித் துளைகள் வழியே நீண்ட குழல் முனையால் மெழுகுத் தடுப்பு அடித்துவிடுங்கள். வடிகாலைச் சுத்தம் செய்து, உள்ளே முழுவதும் காய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் மெழுகு அடித்தால் துருவை உள்ளே பூட்டி வைத்ததாகும்.

ஆயில்கள்

என்ஜின் ஆயில், ஃபில்டருடன் சேர்த்து, 1.6 லிட்டர் என்ஜினுக்கு சுமார் மூன்றரை லிட்டர், 1.8க்கு சுமார் 3.8 லிட்டர். முதலில் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, அளவுக் கம்பியைப் பார்த்து நிரப்புங்கள். 5டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-30 போதும். ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. காரின் அடியிலிருந்து கையை மேலே விட்டுக் கழற்றுவதே சுலபம். என்ஜின் சூடாக இருக்கும்போது அருகிலுள்ள குழாய்கள் கையைச் சுடும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் மேல் புது வளையம் உட்கார்ந்தால் ஆயில் பீறிட்டு வெளியேறும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலிருந்து டிக் டிக் என்று சில நொடிகள் ஒலித்தால் பயப்பட வேண்டாம். அது ஹைட்ராலிக் வால்வு அட்ஜஸ்டர்களில் ஆயில் இறங்கிப் போனதன் ஒலி. சூடான பிறகும் தொடர்ந்தால் ஆயிலை இருமுறை நெருக்கமாக மாற்றிப் பாருங்கள். ஆயில் அழுத்த மீட்டரைப் பற்றி ஒரு குறிப்பு: ஆரம்ப ஆண்டுகளில் அது உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. 1995 முதல் வெறும் சுவிட்சுடன் இணைந்தது. அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். முள் நடுவில் நிற்பதை வைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள்.

ஐந்து வேக கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர், 75டபிள்யூ-90, ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) தரம். ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு நல்லதில்லை. பாட்டிலில் ஜிஎல்-4 என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். குளிரில் இரண்டாவது கியர் கரகரப்பது இந்தக் கியர்பாக்ஸின் பிறவிக் குணம். நல்ல ஆயில் அதைப் பெரிதும் குறைக்கும். ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் திறந்துவிட்டு, அதன் பிறகே வடிக்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். வரிசை மாறி, ஊற்றும் பிளக் கழலாமல் போனால் ஆயில் இல்லாத கியர்பாக்ஸுடன் கார் அப்படியே நின்றுவிடும்.

பலர் மறந்துவிடும் இன்னொன்று உண்டு. கியர் நெம்புகோல் உட்காரும் கிண்ணத்தில் தனியாக ஏறத்தாழ 90 மில்லி ஆயில் இருக்கிறது. அது கியர்பாக்ஸ் ஆயிலுடன் கலப்பதில்லை, வடிவதுமில்லை. நெம்புகோலைப் பிடித்திருக்கும் மூன்று 10 மி.மீ. போல்ட்டுகளைக் கழற்றி, நெம்புகோலை மேலே எடுத்து, பழைய கறுத்த ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். அதே நேரத்தில் அங்குள்ள இரண்டு ரப்பர் உறைகளையும் முனையிலுள்ள நைலான் புஷ்ஷையும் மாற்றுங்கள். உறைகள் கிழிந்திருந்தால் கியர்பாக்ஸின் வெப்பமும் இரைச்சலும் நேராக உங்கள் முழங்கைக்கு வரும். ஒரு மணி நேர வேலைதான். கியர் போடும் உணர்வே புதிதாகிவிடும்.

டிஃபரன்ஷியல்: 1.6 காரின் சிறிய 6 அங்குல டிஃபுக்கு 0.65 லிட்டர், 1.8இன் 7 அங்குல டிஃபுக்கு 1 லிட்டர். இங்கே ஜிஎல்-5 தரம்தான் தேவை.

கூலன்ட்

மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் நலம். பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வந்துவிட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. வெடிக்கும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். இந்த என்ஜினின் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடிப் பகுதி), ஒரே ஒரு முறை அதிகம் சூடானாலும் வளைந்துவிடக்கூடும்.

நிரப்பும்போது காரின் மூக்கு உயர்ந்து நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி என்ஜினை ஓடவிடுங்கள். சுமார் 88 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி, குமிழிகள் நின்றதும் மூடுங்கள். மேல் குழாயைக் கையால் பிசைந்தால் மிச்சக் காற்றும் வெளியேறும்.

டைமிங் பெல்ட்

கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டுகளையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கும் பல் பெல்ட் இது. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடாமலே நின்ற காரில் வயதை வைத்து முடிவெடுங்கள். என்ஏ என்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை. ஹெட்டைச் சீவியிருந்தாலோ அதிக உயரம் தூக்கும் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தாலோ இந்த உறுதி கிடையாது.

பெல்ட்டுடன் சேர்த்து மாற்ற வேண்டியவை: டென்ஷனர், ஐட்லர், டென்ஷனர் ஸ்பிரிங், வாட்டர் பம்ப், இரண்டு கேம் சீல், முன் கிராங்க் சீல், வால்வு கவர் கேஸ்கெட். வாட்டர் பம்ப்பை இந்த முறை விட்டால், அது ஒழுகும் நாளில் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கூலன்டை வடித்து, முன்னால் குறுக்கே செல்லும் காற்றுக் குழாயையும் மேல் ரேடியேட்டர் குழாயையும் எடுங்கள். வாட்டர் பம்ப் புல்லியின் போல்ட்டுகளை, வெளி பெல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். பெல்ட் போன பிறகு புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும்.

2. வால்வு கவரையும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுங்கள். கிராங்கைக் கடிகாரச் சுற்றில் திருப்பி, கேம் புல்லிகளின் 'ஐ' (I), 'ஈ' (E) குறிகளை மேலே பின்தகட்டுக் குறிகளுக்கு நேராக்குங்கள்.

3. கிராங்க் புல்லியின் நடு போல்ட் 21 மி.மீ. ஐந்தாவது கியரில் வைத்து ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீண்ட கைப்பிடியால் தளர்த்தலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவிட்டுத் தளர்த்தும் குறுக்குவழி வேண்டாம்.

4. டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்து, சீல்களையும் பம்ப்பையும் மாற்றுங்கள். சீலைப் பிடுங்கும்போது ஷாஃப்டின் மேற்பரப்பில் கீறல் விழக் கூடாது. மெல்லிய கீறல் கூட ஆயில் ஒழுக வழியாகும்.

5. புது பெல்ட்டைப் போட்டபின் இரண்டு கேம் குறிகளுக்கும் நடுவே பெல்ட் பற்களை எண்ணுங்கள். 19 இருக்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் கார் ஓடும், ஆனால் இழுவை இல்லாமல் ஓடும். பலர் காரணம் புரியாமல் மாதக்கணக்கில் இக்னிஷனைத் தேடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

6. ஸ்பிரிங் தன் இழுப்பைக் கொடுக்கட்டும். கிராங்கைக் கையால் 1 5/6 சுற்றுத் திருப்பி அந்த நிலையில் டென்ஷனர் போல்ட்டை இறுக்குங்கள். மறுபடி இரண்டு சுற்றுக்கு மேல் திருப்பி, குறிகள் எல்லாம் பழைய இடத்துக்கு வருகின்றனவா என்று பார்த்த பிறகே மூடுங்கள்.

இங்கே 1.6 கார்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. 1991இன் நடுப்பகுதி வரை வந்த என்ஜின்களில் கிராங்க் ஷாஃப்டின் முன் மூக்கு குட்டையானது. கிராங்க் புல்லியில் நான்கு பள்ளங்கள் இருந்தால் அது குட்டை மூக்கு; எட்டு இருந்தால் பிந்தைய நீள மூக்கு. குட்டை மூக்கில் நடு போல்ட் சிறிது தளர்ந்தாலும், புல்லியை ஷாஃப்டுடன் பூட்டும் சிறு உலோகத் துண்டான 'சாவி' அசைந்து அசைந்து தன் பள்ளத்தைத் தின்றுவிடும். புல்லி தள்ளாடுவது, இக்னிஷன் டைமிங் நிலையாக நிற்காதது, இழுவை குறைவது இதன் அறிகுறிகள். தடுக்க ஒரே வழி, பிரித்த ஒவ்வொரு முறையும் புது போல்ட், புது சாவி, சுத்தமான பரப்பு, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்). குட்டை மூக்குக்கு ஏறத்தாழ 110 நியூட்டன் மீட்டர், நீள மூக்குக்கு ஏறத்தாழ 160. இரண்டையும் மாற்றிக் குழப்பினால் ஒன்றில் போல்ட் அறுந்துவிடும், மற்றதில் தளர்ந்துவிடும்.

இக்னிஷனும் பின்பக்க ஆயில் கசிவும்

ஸ்பார்க் பிளக் இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. மலையேறும்போது மட்டும் என்ஜின் திக்கினால் பிளக் வயர்களைத்தான் முதலில் சந்தேகியுங்கள், காயில் பிறகு.

என்ஜினின் பின்பக்கத்திலிருந்து கிளட்ச் கூட்டின் மேல் ஆயில் வழிந்தால், பின் கிராங்க் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லப்படும். இறக்கும் முன் ஹெட்டின் பின்முனையில் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரை (கேம்ஷாஃப்டின் நிலையை உணர்த்தும் கருவி) தடவிப் பாருங்கள். அதன் ஓ-ரிங் இறுகிப்போய்க் கசிவதே பெரும்பாலும் காரணம். அந்த ஆயில் கீழே உள்ள ஹீட்டர் குழாய்களையும் ஊற வைத்து வெடிக்கச் செய்யும். சென்சாரின் நிலையைக் கோடு போட்டுக் குறித்துவிட்டு, ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி ஓ-ரிங்கை மாற்றுங்கள். பிறகு டைமிங் விளக்கால் சரிபார்க்க வேண்டும்: பானட்டுக்கு அடியிலுள்ள சோதனைப் பெட்டியில் 'டென்' (TEN), 'கிரவுண்ட்' (GND) முனைகளைக் கம்பியால் இணைத்து, சூடான என்ஜின் ஐட்லில் ஓடும்போது 10 டிகிரி இருக்கும்படி சென்சாரைத் திருப்புங்கள்.

கிளட்ச்

திடீரென்று ஒரு நாள் கியர் விழ மறுத்தால், கிளட்ச் தட்டைக் குறை சொல்லும் முன், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் இருந்தால் அதுதான் கோளாறு. மலிவான பாகம், இரண்டு போல்ட், ஒரு குழாய். பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்; ஒன்று புதிதானதும் மற்றது விரைவில் தோற்கும்.

பிரேக்

திரவம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, டாட் 4. வளையும் பாதையில் இந்தக் காரின் பிரேக் சிறப்பாகவே வேலை செய்யும். பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் காலிப்பரின் நழுவு ஊசிகள் காய்ந்து சிக்கிக்கொள்வது. ஆண்டுக்கு ஒருமுறை ஊசிகளை வெளியே இழுத்து, துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் இடுங்கள். ஒரே காலிப்பரில் உள் பேட் தேய்ந்து வெளிப் பேட் தடித்திருந்தால் ஊசி சிக்கியதன் அடையாளம்.

பின் காலிப்பரில் பேட் மாற்றும்போது பிஸ்டனை அழுத்தித் தள்ளாதீர்கள். ஹேண்ட்பிரேக் இயக்கம் உள்ளே உண்டு, உடைந்துவிடும். காலிப்பரின் பின்பக்கத்தில் 14 மி.மீ. மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் சாவி நுழையும் திருகு இருக்கிறது. கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். புது பேட்டுகளைப் போட்டதும் கடிகாரச் சுற்றில், சக்கரம் பிடிக்கும் வரை திருப்பி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்றுப் பின்னால் விடுங்கள். ஹேண்ட்பிரேக் கம்பியை முறுக்கி இந்த இடைவெளியை ஈடுகட்ட நினைப்பது தவறு. இங்கே சரியாக வைத்தால் கம்பியைத் தொடவே தேவையிருக்காது.

பேட்டரி

பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. சாதாரணத் திறந்த வகை அமில பேட்டரியின் ஆவி டிக்கியின் தகட்டை அரிக்கும். மூடிய ஏஜிஎம் வகையும், அதன் காற்றுக் குழாய்கள் வெளியே போகும் இணைப்பும் கட்டாயம்.

மேம்பாட்டின் முதல் படி: டயரும் அலைன்மென்ட்டும்

என்ஏவின் தொழிற்சாலை அளவு 185/60 ஆர்14, காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. எடை குறைந்த கார் என்பதால் வேறு கார்களின் 32, 35 என்ற அளவை இதற்கு அடிக்கக் கூடாது. பிடிப்பு குறையும், குதிக்கும். சக்கரத்தின் போல்ட் அமைப்பு 4x100, மைய ஓட்டை 54.1 மி.மீ. 15 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். கனமான 17 அங்குலச் சக்கரம் இந்தக் காரின் குணத்தையே கெடுக்கிறது. சக்கர நட்டுகள் 100 முதல் 110 நியூட்டன் மீட்டர்.

நான்கு சக்கரத்திலும் கேம்பரும் (சக்கரம் மேலே உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) டோவும் (சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யக்கூடிய கார் இது. ஆனால் அதற்கான மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) போல்ட்டுகள் பழைய கார்களில் புஷ்ஷுடன் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அலைன்மென்ட்டுக்குப் போகும் முன்பே அவற்றில் ஊடுருவும் எண்ணெய் பலமுறை அடித்து, அசைகின்றனவா என்று பாருங்கள். சாலைக்கு ஏற்ற அமைப்பு: முன் கேம்பர் எதிர்மறை 1 டிகிரி, பின் எதிர்மறை 1.5, முன் டோ பூஜ்யம், பின்னால் மொத்தம் 3 மி.மீ. டோ-இன், காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) சுமார் 5 டிகிரி. ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான பாரம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோ காரில் அது தெளிவாகத் தெரியும் வித்தியாசம்.

சஸ்பென்ஷன்

புஷ்களை முதலில் மாற்றுங்கள். ரப்பர் புஷ் போட்டால் அதன் போல்ட்டைக் கார் தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் புஷ் கூர்மையானது, ஆனால் கிரீஸ் காய்ந்ததும் கிறீச்சிடும். தினசரி ஓட்டும் காருக்கு நல்ல ரப்பரே போதும் என்பது எங்கள் கருத்து.

அடுத்து ஷாக் அப்சார்பர். அதனுள் இருக்கும் நுரை பம்ப்-ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது மோதலைத் தாங்கும் கட்டை) பழைய கார்களில் பொடியாகியிருக்கும். அதைக் கட்டாயம் மாற்றுங்கள். இந்தக் காரில் அது அடிக்கடி தொடும் உறுப்பு, இரண்டாவது ஸ்பிரிங் போலவே வேலை செய்கிறது. உயரத்தை 25 மி.மீ.க்கு மேல் குறைத்தால் அசையும் தூரம் மிஞ்சாது. ஒவ்வொரு மேட்டிலும் கார் பம்ப்-ஸ்டாப்பில் மோதி, நடு வளைவில் பிடி விட்டுப்போகும்.

உடலின் விறைப்பு

கரடான சாலையில் முன் கண்ணாடிச் சட்டகம் நடுங்குவது தெரிந்தால் முதலில் தரை ரெயில்களைக் கவனியுங்கள். நசுங்கிய ரெயில் மேல் பொருத்தும் எஃகு உறைகள் கிடைக்கின்றன. ஏறத்தாழ அரை நாள் வேலையில் தெளிவான மாற்றம் கிடைக்கும். 1994 மாடலில் 1.8 வந்தபோது சீட் பெல்ட் தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்தையும் சப்ஃபிரேம் பிரேஸ்களையும் தொழிற்சாலையே சேர்த்தது. அந்தப் பாகங்களைப் பழைய 1.6இலும் பொருத்தலாம்.

ரோல் பார் வேறு விஷயம். அது விறைப்பையும் கூட்டும், ஆனால் அதன் வேலை உயிரைக் காப்பது. தொழிற்சாலையின் முன் கண்ணாடிச் சட்டகம் கவிழ்வதைத் தாங்க அமைந்ததில்லை. ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டகத்தின் மேல் விளிம்புக்கு நேர்க்கோல் ஒன்றை வையுங்கள். ஹெல்மெட் அணிந்த தலை அந்தக் கோட்டுக்கு 50 மி.மீ. கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் இருக்கையைத் தாழ்த்தியே ஆக வேண்டும். துளையிடும்போது கவனம்: பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தலைக்கு அருகே வரும் குழாயில் கடினமான பாதுகாப்பு நுரை அவசியம். தலைக்கு மேலே முன்னோக்கி நீளும் முழுக் கூண்டு, ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும்போது ஆபத்தானது. சிறு மோதலில் கூடத் தலை எஃகில் மோதும்.

பிரேக்கும் என்ஜினும்

1.6இன் முன் டிஸ்க் 235 மி.மீ., 1.8இன் டிஸ்க் 255 மி.மீ. 1.8 காரின் காலிப்பர் தாங்கிகள், டிஸ்க்குகள், பேட்டுகள் மூன்றும் இருந்தால் 1.6இல் அப்படியே ஏறும்; காலிப்பர்கள் பழையவையே. முன்பின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முன்னால் மட்டும் பெரிதாக்கினால் பின் பிரேக் தன் பங்கைச் செய்யாது.

குதிரைத்திறனைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒலியை மாற்றும் அளவுக்கு வேகத்தை மாற்றுவதில்லை. செலவே இல்லாத ஒன்று, அடிப்படை டைமிங்கை 10 டிகிரியிலிருந்து 14க்கு முன்னேற்றுவது. அதிக ஆக்டேன் பெட்ரோல் தேவை. 1.6இல் நாக் சென்சார் (பெட்ரோல் முறைதவறி வெடிப்பதை உணரும் கருவி) கிடையாது, அதனால் டாப் கியரில் குறைந்த வேகத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்து, கூழாங்கல் குலுங்குவது போன்ற ஒலி வருகிறதா என்று நீங்களே காது கொடுத்துக் கேட்க வேண்டும். வந்தால் 2 டிகிரி பின்வாங்குங்கள்.

டர்போ நினைப்பவர்கள் முதலில் கூலன்ட் பாதையைச் சரிசெய்யட்டும். இந்த என்ஜின் குடும்பம் முன்சக்கர இயக்கக் காரில் குறுக்கே வைக்க அமைக்கப்பட்டது. எம்எக்ஸ்-5இல் நீளவாக்கில் திருப்பியபோது தெர்மோஸ்டாட்டை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுவதால் பின் சிலிண்டர்கள் கூடுதல் சூட்டில் ஓடுகின்றன. சாதாரணக் காரில் இது பிரச்சினையில்லை. டர்போவில் நான்காவது சிலிண்டர்தான் முதலில் போகும். தெர்மோஸ்டாட்டை ஹெட்டின் பின்பக்கம் மாற்றும் தொகுப்பைப் பொருத்திவிட்டு, பிறகு தனி இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), பெரிய இன்ஜெக்டர், எரிபொருள்-காற்று விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், வலுவான கிளட்ச் என்று போங்கள். 1.6இன் 6 அங்குல டிஃப், 150 குதிரைத்திறனைத் தாண்டினால் நீடிக்காது. 1.8இன் 7 அங்குல டிஃபை, முடிந்தால் டார்சன் வகையை (ஒரு சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்), ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளுடனும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுடனும் ஒரே காரிலிருந்து எடுங்கள். தனித்தனியாக வாங்கினால் இணைப்புத் தட்டுகள் ஒத்துப்போகாமல் போகலாம்.

எந்த வேலைக்குப் பிறகும் முதல் 100 கிலோமீட்டர் முடிந்ததும் சக்கர நட்டு, சஸ்பென்ஷன் போல்ட், ரோல் பார் போல்ட் ஆகியவற்றை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். என்ஜின் ஆறியபின் கூலன்ட் மட்டத்தையும், வெளி பெல்ட்டுகளின் இறுக்கத்தையும் பாருங்கள். புது பெல்ட் முதல் ஓட்டத்திலேயே சற்று நீளும்.